உன் மாமனார் மேல் எனக்குள்ள பொறாமை

அருளு,

உன் அம்மா யாருக்குக் கடிதம் எழுதினாலும் தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குவாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இன்றைக்குப் போடலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். அவரும் போடுகிறவர், போட்டால் உன் மாமனாரைப் பார்த்துக் காப்பியடித்தது போல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்படி எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. கலியாணம் முடிந்து, வேலையும் கிடைத்து, நீயும் லூர்துவும் மெட்ராஸ் பஸ் ஏறிய அன்று, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "இன்னா நைனா, ஒரு மாதிரியா இருக்குற?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றேன். வெயில் இல்லை. உன் மாமனார் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டிருந்தார், நீயும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய், அதுதான். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எஞ்சினைப் பற்றி என்றால் நாள் முழுக்கப் பேசுவேன். மற்றதைப் பேச ஆரம்பித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். இதை லூர்துவிடமும் படித்துக் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

பொறாமை எனக்குப் புதிதல்ல. முதலில் உன் அம்மா மேல்தான் இருந்தது. அவள் மாதாவிடம் பேசுவதை நீயும் கேட்டிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசுவாள். "இன்னா தாயே, அரிசி வேகவே மாட்டேங்குது, அவரு சாப்பாட்டுக்கு வந்துடுவாரு" என்று அடுப்படியில் நின்று சொல்லுவாள். பதில் வந்தது போல அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். நானும் அதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன், அதே செபங்களை மனப்பாடம் செய்தவன். ஆனால் எனக்கு யாரும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது போல் ஒரு நாளும் தோன்றியதில்லை. நான் பாட்டுக்கு ஒப்பித்துவிட்டு வருவேன். ஒரு எஞ்சின் நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடிப் பிடித்துச் சரி செய்தால் அது ஓடும். இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். காரணம் தெரியாமலே சந்தோஷமாக இருக்கிற ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் சிரிக்கும்போது, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியச் சாப்பாடு போட்டோம், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றாய். அம்மா எழுந்து நடக்கிறவரைக்கும் மாம்பழம் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாய். அது மாம்பழக் காலம். பஜார் முழுக்கக் கூடை கூடையாக வைத்திருந்தார்கள். நீ அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து போவதை என் பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எனக்கு பயமா இல்லீங்க, நீங்க ஏன் இப்படி நடுங்கறீங்க?" என்று கேட்டாள். சாகப்போகிறவளைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவானா? நான் பட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த உத்தரியத் துணியைக் கழற்றி, அவள் மாதா படம் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டாய். தூக்கி எறியவில்லை, அழவும் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டுவது போல மாட்டிவிட்டு, கை கால் கழுவப் போனாய். அதற்குப் பிறகு கோயில் வாசலை நீ மிதிக்கவில்லை. நான் உன்னை வற்புறுத்தவும் இல்லை. எப்படி வற்புறுத்துவேன்? நானும் அப்போது போகவில்லையே. டாக்டர் என்னிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். ஈரல் எப்படிக் கெட்டது, ரத்தத்தில் எப்படி விஷம் ஏறியது, எதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. நான் கேட்டவரைக்கும் அவ்வளவு முழுமையாக யாரும் எனக்கு ஒரு காரணத்தைச் சொன்னதில்லை. அந்தக் காரணத்தை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது சரியாக இருந்தது. ஆனால் எனக்குப் போதவில்லை.

நான் திரும்பக் கோயிலுக்குப் போன கதை உனக்குத் தெரியாது. சிங்கவரத்தில் கோவிந்தசாமி என்று ஒரு விவசாயி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் அனுப்பினார். நெல் கதிர் வாங்குகிற நேரம், எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கிணற்றில் இறங்கி, குழாயின் அடியில் இருந்த ஃபுட்வால்வைக் கழற்றிப் பார்த்தேன். தோல் வாஷர் கிழிந்து கிடந்தது. மாற்றிப் போட்டு மேலே வந்து எஞ்சினைச் சுற்றினேன். தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுந்தது. அந்த மனிதர் கிழிந்த வாஷரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் துண்டுத் தோலுதானா என்ன இந்தப் பாடு படுத்துச்சு?" என்று சிரித்தார். நல்லா இருப்பா என்று என் தோளைத் தட்டினார். பிறகு வாஷரைக் கீழே போட்டுவிட்டு, பெருமாள் கோயில் மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கும்பிட்டார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

"இன்னாய்யா இது? கெணத்துல எறங்குனது நானு, கும்பிடு மலைக்கா?" என்றேன்.

"நீதான் எறங்குன. யாரு இல்லன்னது? உனுக்குச் சொல்லவேண்டியத உனுக்குச் சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஆனா இங்க இன்னும் மிச்சம் இருக்குதுப்பா. பயிரு பொழைச்சிடுச்சின்னு ஒரே பொங்குது. அத எங்க கொண்டுபோயி வெக்கிறது சொல்லு" என்றார்.

ஸ்பானர்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆள் மேல் ஒரே பொறாமை. அவருக்கு வாஷரும் தெரிகிறது, மலையும் தெரிகிறது. ஒன்றுக்காக மற்றதை விடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் ஒரு மிச்சம் இருந்ததே அருளு. டாக்டர் சொன்ன காரணத்துக்குப் பிறகும் என் நெஞ்சில் ஒரு பாரம் அப்படியே கிடந்ததே. அதை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன்? எங்கேயும் வைக்காமல் சுமந்துகொண்டு திரிந்தேன். அடுத்த ஞாயிறு குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். ஏதோ தெரிந்துவிட்டதால் போகவில்லை. போவது என்று முடிவு செய்து போனேன். இதைக் கவனித்துக்கொள். சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் வாதத்தில் நான் ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு, ஆமாம் சரிதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டு, பிறகும் போனேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாரும் நன்மை வாங்க, சாமியார் கையால் அப்பத்தை நாக்கில் வாங்க, எழுந்து போகும்போது நான் மட்டும் போகமாட்டேன். மனசில் முழு நம்பிக்கை இல்லாதவன் சாமியார் முன்னால் நாக்கை நீட்டக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வருஷக்கணக்கில் அப்படித்தான் நின்றேன்.

நீ காலேஜ் முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த அந்த மாதங்கள்தான் எனக்குக் கஷ்டமான காலம். பஜாரில் மேடை போட்டு, சாமி பூதம் எல்லாம் பொய் என்று பேசுகிற கூட்டங்களுக்குப் போவாய். வந்து பட்டறையில் என் எதிரில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பாய். நன்றாகத்தான் கேட்பாய். மேடையில் பேசியவனைவிட நீ தெளிவாகப் பேசுகிறாய் என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருக்கும்.

"நைனா, அம்மா இன்னாத்துல செத்தாங்க? ஈரல் கெட்டுச்சு. அவ்ளோதான? இதுல சாமி எங்க வராரு?"

"எங்கயும் வரல."

"அப்புறம் நீ ஏன் வாராவாரம் போயி அங்க நிக்கிற?"

"அந்தப் பெரிய ஸ்பானர எடு."

நீ ஸ்பானரை எடுத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் நட்டைத் திருகிக்கொண்டிருப்பேன். என்ன சொல்வது? எனக்கும் தெரியாது என்று சொன்னால், தெரியாமல் ஏன் போகிறாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் சிங்கவரத்துக் கிணற்றிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அவ்வளவு நீளமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நல்ல பதிலாகச் செய்துகொண்டு சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன். வேலையில் நான் அப்படித்தான். அரைகுறையாக முடித்து ஒரு எஞ்சினை வெளியே அனுப்பமாட்டேன்.

இந்த நேரத்தில்தான் தொண்டூர்ப் பக்கத்திலிருந்து சின்னப்பன் உபதேசியார் வந்தார். அவர் ஊரில் சாமியார் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்றுக்கொடுப்பது எல்லாம் உபதேசியார்தான். கோயில் நிலத்து எஞ்சின் புகை கக்குகிறது என்று சொன்னார். எனக்கு வேறு வேலை இருந்ததால் உன்னை அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன். இதை எத்தனை தடவை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! டீசல் பீய்ச்சுகிற நாசிலில் அடைப்பு, அரை நாள் வேலை. நீ மறுநாளும் போனாய். அதற்கடுத்த வாரமும் போனாய். "இன்னாடா, இன்னுமா முடியல?" என்று கேட்டால், "கொஞ்சம் வேல இருக்குது நைனா" என்பாய். அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று பிறகு காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளையை ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுப்பது எல்லாத் தகப்பனுக்கும் உள்ளது. அதற்கு நான் தயாராக இருந்தேன். அவள் அப்பனுக்கு விட்டுக்கொடுக்கவேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கு நான் ஒரு சிலிண்டர் ஹெட்டுக்குப் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்று, "நைனா, அடுத்த பூசையில நான் நன்மை வாங்கப்போறேன். லூர்துவக் கட்டிக்கலாம்னும் இருக்கேன்" என்றாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய்.

"கட்டிக்கிறதுக்காக வாங்கறியா?"

"இல்ல நைனா. அவ வேணாம்னாலும் வாங்குவேன்."

"ஏன், எல்லாம் புரிஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் புரியல. கேட்ட கேள்வியெல்லாம் அப்படியேதான் இருக்குது. எல்லாம் தீர்ற வரைக்கும் வெளிய நின்னா வெளியவே கெழவனாயிடுவேன். அதான் கேள்வியோடயே உள்ள போறேன்."

போல்ட் முறிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு போல்ட் முறிந்ததில்லை. நீ சொன்னது என் வார்த்தை அருளு. நான் உள்ளே வைத்து வைத்து அறுத்துத் தேய்த்துக்கொண்டிருந்த பதில். அது உன் வாயிலிருந்து வருகிறது, ஆனால் என்னிடமிருந்து போகவில்லை. "சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, முறிந்த துண்டை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். சம்பந்தம் பேசப் போனதாகத்தான் நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். நான் சண்டை போடப் போனேன். பெரிய படிப்பாளியாக இருப்பார், பேச்சில் மடக்குகிற ஆளாக இருப்பார் என்று எண்ணிக்கொண்டு போனேன். நேரில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால், மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, பேச்சுக்கு நடுவே தும்மிக்கொண்டு, சொன்னதையே திரும்பச் சொல்கிற ஒரு மனிதர். வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், வாங்க பாறைப் பக்கம் போய்ப் பேசலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். பாறையில் படுக்கை படுக்கையாகச் செதுக்கியிருக்கிறதே, அங்கே துண்டை விரித்து என்னை உட்காரவைத்தார்.

"தம்பியும் நானும் இங்கதான் குந்திக்கினு பேசுவோம்" என்றார். அந்தக் கல்லின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

"எம்பையனுக்கு இன்னா சொன்னீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

அவர் பயந்துபோனார். "நான் ஒண்ணும் சொல்லலீங்களே. அவருதான் கேட்டாரு."

"இன்னா கேட்டான்?"

"எனக்குக் காலராவுல ரெண்டு புள்ளைங்க போச்சுங்க. அது தெரிஞ்சிக்கினு கேட்டாரு. அப்புறமும் எப்படி நீங்க மத்த புள்ளைங்களக் குந்தவெச்சி, சர்வேசுரன் நல்லவருன்னு சொல்லித் தர்றீங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலயே தம்பின்னேன். சந்தேகமே வராதான்னாரு. வராம இன்னா, அடிக்கடி வரும்னேன். வந்தா இன்னா செய்வீங்கன்னாரு. மணி அடிக்கிற நேரம் வந்துடும், போயி அடிப்பேன்னேன். சிரிச்சாரு. ஒரு நாளு சாயங்காலம் தம்பியே எழுந்து வந்து கயித்தப் புடிச்சாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதாங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவ்வளவுதானா? இதைச் சொல்லத்தான் நான் இத்தனை காலம் தயாராகிக்கொண்டிருந்தேனா? அந்த மனிதர் ஒன்றும் தயாராகவில்லை. கேட்டதும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவர் பாறையைத் தடவிக்கொண்டே, "இதுல சமணச் சாமியாருங்க படுத்துக் கெடந்தாங்களாம். படைச்சவருன்னு ஒருத்தரு இருக்காருன்னே அவங்க சொல்லலியாம். தம்பிதான் சொன்னாரு. அப்படியும் பாருங்க, வெறுங்கல்லுல படுத்துத் தவம் பண்ணியிருக்காங்க. எனக்கு அது ரொம்ப ஆச்சரியமா இருக்குதுங்க" என்றார். பிறகு தும்மினார். உன்னிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதும் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு நீ சமணர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டை போடாமலே சம்பந்தம் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கலியாணத்துக்கு முந்தின நாள் அவர் ஊருக்கு வந்திருந்த இளம் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நீயும் நின்றாய், உன் மாமனாரும் நின்றார். நான் வெளியே பந்தல்காரனிடம் பேசுவது போல நடித்துக்கொண்டு நின்றேன். வரிசை முடிந்து சாமியார் எழுந்திருக்கும் நேரத்தில் போய் முழங்காலில் விழுந்தேன். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேட்டார். பையன் சின்னவனாக இருக்கும்போது என்றேன்.

"இன்னா பாவம், சொல்லுங்க."

"பொறாமைங்க சாமி."

"யார் மேல?"

"உபதேசியார் மேல."

சாமியாருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "அவரு மேல இன்னாத்துக்குப் பொறாம?" என்று கேட்டார்.

"எம்பையன அவருதான் கோயிலுக்குள்ள கூட்டிக்கினு வந்தாரு சாமி."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நானும் உள்ளதான் இருந்தேன் சாமி. கடைசித் தூணு பக்கத்துல."

விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டார். அதை எஞ்சின் போலத் திறந்து பார்த்து இருக்கிறது, இல்லை என்று என்னால் சொல்லமுடியவில்லை என்றேன். வேணுமா என்று கேட்டார். வேணும் என்றேன். அபராதமாக ஒரு செபமாலை முழுக்கச் சொல்லச் சொன்னார். அதை உபதேசியாருக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னார். இருக்கிற அபராதங்களிலேயே கஷ்டமானதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார் அந்தச் சாமியார். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

மறுநாள் பூசையில் என்ன நடந்தது என்று நீ பார்த்தாய். எதனால் நடந்தது என்று உனக்குத் தெரியாது. நன்மை வாங்க நீயும் லூர்துவும் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியருகே முழங்கால் போட்டீர்கள். உபதேசியார் போய் லூர்துவின் அந்தப் பக்கம் முழங்கால் போட்டார். உனக்கு இந்தப் பக்கம் காலியாக இருந்தது. நான் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாலும், அந்த நிமிஷம்வரை எழுந்து போகிற எண்ணம் எனக்கு இல்லை. பழைய சட்டம் மனசில் அப்படியேதான் இருந்தது. உனக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் விட்டால் உன் மாமனார் வகையில் யாராவது ஒரு சித்தப்பன் வந்து அங்கே முழங்கால் போட்டுவிடுவான் என்று தோன்றியது. அவ்வளவுதான், எழுந்து நடந்துவிட்டேன். என் செருப்பில்லாத கால் தரையில் பதிவதுகூட எனக்குத் தெரியவில்லை. பக்தியில் போனேன் என்று நினைத்துவிடாதே. உன் பக்கத்தில் வேறொருவன் வரக்கூடாது என்று போனேன். நீ என்னைப் பார்த்தாய். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாய். நாக்கை நீட்டும்போது என் மனசில் முழு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. பாதி இருந்ததா என்றால், அதையும் அளக்கத் தெரியவில்லை. ஆனால் எழுந்து வந்து உட்கார்ந்ததும், என் நெஞ்சிலிருந்த பாரத்தை யாரோ ஒரு கை பிடித்துக்கொண்டது போல இருந்தது. அது பிரமையாக இருக்கலாம். நீ காலேஜில் படித்த விஞ்ஞானத்தில் அதற்கும் ஒரு பெயர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ரொம்பக் கொஞ்சம். கேள்வி வந்தால் அதைக் கொன்றுவிடாதே. லூர்து உன்னைவிடச் சுலபமாக நம்புகிறாள் என்று சில நாள் எரிச்சல் வரும். வந்தால் அவள் மேல் காட்டாதே. நான் உன் அம்மா மேல் காட்டாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். அவளுக்கும் உள்ளே என்ன இருந்தது என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. நீ லூர்துவிடம் கேள். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து அது உன் எதிரில் உட்கார்ந்து, சாமி எங்கே என்று கேட்டால், நல்ல பதிலாகச் செய்துகொண்டு வரலாம் என்று காத்திருக்காதே. தெரியாது என்பதையாவது அன்றைக்கே சொல்லிவிடு. பக்கத்து ஊரில் ஒரு உபதேசியார் எப்போதும் தயாராக இருப்பார்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். உன் மாமனார் வெள்ளிக்கிழமை தோறும் செஞ்சிச் சந்தைக்கு வருகிறார். வந்தால் நேராகப் பட்டறைக்கு வந்து பழைய பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். முதல் வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது புரியவே இல்லை. மூக்குப்பொடியை நீட்டினார். அடுத்த வாரம், சரி இவரை ஒரு கை பார்க்கலாம் என்று, நீ என்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் கேட்க ஆரம்பித்தேன். "நீங்க சொல்றது ஞாயந்தான் சம்பந்தி, எனக்கு ஒண்ணும் ஓடல" என்று தலையைச் சொறிகிறார். அவருக்கும் பதில் தெரியவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. போன வாரம் அவர் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தேறிவிட்டார், கவலைப்படாதே. லூர்துவிடமும் சொல்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். மெட்ராஸ் பெரிய ஊர். அங்கே உன்னைக் குழப்ப ஆயிரம் பேர் இருப்பார்கள். நீ உள்ளே போன வழியிலேயே திரும்பி வெளியே வரவேண்டும் போல ஒரு நாள் தோன்றும். எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிற அன்றைக்கு ஒரு கார்டு வாங்கி, முதலில் எனக்கு எழுது. அவருக்கு மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.

உன் நைனா